சந்திக்குச் சந்தி வலக்கைப் பக்கம்

ஸ்வொல்ல, ஒல்லாந்து
16.02.1992

என் உயிர் அக்காவுக்கு,

தங்கச்சி சீதேவி கை கால் முறியாமல் வந்து சேர்ந்தேன். உங்களுடைய இருமல் விட்டதா? தூதுவளை அவித்துக் குடிக்கச் சொன்னேனே, குடித்தீர்களா அல்லது தலையை மட்டும் ஆட்டினீர்களா?

கலியாணம் வரைக்கும் நம் ஊர் அருமைநாயகம் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். அண்ணனின் மனைவி நல்ல மனுசி. குளிரைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் அதிலேயே முடிந்துவிடும். மூக்கு நுனி இன்னும் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன். இங்கே ஒரு கட்டிடத்துப் பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தால் ‘கந்தோர்’ என்று வருகிறது, நாம் ஒபிசுக்குச் சொல்கிற அதே கந்தோர்! நம் ஊர்க் கோட்டையைக் கட்டிய கையோடு சொல்லையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ரோட்டில் நின்று தனியாகச் சிரித்தேன்.

மாப்பிள்ளை நல்லரத்தினத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் அனுப்பிய படத்தில் இருந்த முடியில் பாதிதான் ஆளில் இருக்கிறது. காளான் வளர்க்கிற பண்ணையில் வேலை. போன வருசம் கார் ஓட்டப் பழகி, பழைய சிவப்புக் கார் ஒன்று வாங்கியிருக்கிறார். சத்தம் போட்டுப் பேசுவதில்லை. நல்ல மனுசன் மாதிரித்தான் தெரிகிறது. மாதிரி என்றுதான் எழுதுகிறேன், இரண்டு கிழமையில் ஆளை அறிய ஏலாது. கலியாணம் ஆனியில் என்று பேச்சு.

அக்கா, அத்தானைப் பற்றி ஏதும் தகவல் உண்டா? அந்த ஆமி முகாம் வாசலுக்கு இந்த மாதமும் போனீர்களா? நம் வீட்டுக் கடப்படியில், அந்த வேலி வாசலில் வைத்து அவரை ஏற்றிக்கொண்டு போய் ஒன்றரை வருசமாகிறது. என்ன பதில் சொன்னாலும் எனக்கு எழுதுங்கள், ஒளிக்கவேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கச்சி
சீதேவிப்பிள்ளை


நாவற்குடா
12.03.1992

அன்புத் தங்கச்சி சீதேவிக்கு,

அக்கா அன்னப்பூரணியின் ஆசீர்வாதம். உன் கடிதம் கொழும்பு சுற்றி மூன்று கிழமையில் வந்தது. உறையை ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் வழியில் யாரோ வாசித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் முடியைப் பற்றி அவர்களுக்கும் தெரிந்துபோயிற்று.

இருமல் போய்விட்டது. தூதுவளை குடித்தேன், உன் தலையாணை. முருங்கை இந்த முறை கொப்பு முறியக் காய்த்தது. மண்ணெண்ணெய் இல்லை, தேங்காயெண்ணெய் விளக்கோடு சமாளிக்கிறேன். ஒழுங்கையை ஆமிக்காரர் இரண்டு தரம் சுற்றி வளைத்தார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போனார்கள்.

போன ஞாயிறு நல்லரத்தினத்தின் தாயும் தங்கச்சி இலட்சுமிப்பிள்ளையும் கல்லாற்றிலிருந்து பலகாரத்தோடு வந்தார்கள். பிள்ளை அடக்கமான பிள்ளை, பட்டினத்தில் தையல் படிப்பிக்கிறாளாம். தாய்க்காரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கிணற்றில் அள்ளி, உப்புத் தண்ணியா நல்ல தண்ணியா என்று குடித்தும் பார்த்தாள். “நல்ல இனிப்புத் தண்ணி, சம்மந்தி,” என்றாள். நான் ஒன்றும் விளங்காத மாதிரி இருந்தேன். உனக்கு ஏதும் தெரியுமா?

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. தோடு குளிர்ந்தால் காது வலிக்கும்.

அக்கா
அன்னப்பூரணி


ஸ்வொல்ல
29.03.1992

அக்காவுக்கு அன்பு வணக்கம்.

நான் சுகம். நீங்களும் சுகம் என்றுதான் எழுதுவீர்கள், எனக்குத் தெரியும்.

கிணற்றுத் தண்ணீரின் கதை இப்போது விளங்குகிறது. உங்கள் கடிதம் வர இரண்டு நாளைக்கு முன்புதான் நல்லரத்தினம் வாயைத் திறந்தார். அவருடைய தங்கச்சிக்கு வீடில்லை. வீடில்லாத பெண்ணை நம் பக்கத்தில் யார் கலியாணம் முடிப்பார்? தங்கச்சிக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அண்ணன் தன் கலியாணத்தை நினைக்கவேண்டும், அது நியாயம்தான். ஆனால் சீமெந்து ஒரு மூடை சோதனைச் சாவடி தாண்டுவதில்லை, எப்படிக் கட்டுவது? அதனால் நாவற்குடா வீட்டை இலட்சுமிப்பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கட்டுமாம்.

“நீ இனி அங்க போய் இரிக்கப் போறயா? சும்மாதானே கிடக்கு,” என்றார்.

“சும்மா கிடக்கல்ல. அதுக்குள்ள என்ட அக்கா இரிக்கா,” என்றேன்.

கடைசிப் பெண் என்று அம்மா எனக்கு எழுதிய வீடுதான். ஆனால் உங்களுக்குச் சீதனமாகக் கொடுத்த வெல்லாவெளி வீட்டை எரித்த பிறகு நீங்களும் அத்தானும் எங்கே போவீர்கள்? டென் ஹாக் என்ற பட்டினத்திலுள்ள நம் நாட்டுத் தூதரகத்தில் நான் அதிகாரம் கொடுக்கிற அற்றோணிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வைத்தால் மிச்சத்தை அங்கே அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். அக்காவைக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் மனதில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

அத்தானைப் பற்றிக் கேட்டதற்கு ஏன் பதில் இல்லை? இரண்டாம் தரம் கேட்கிறேன்.

சீதேவி


நாவற்குடா
09.04.1992

அன்புத் தங்கச்சிக்கு,

வருசப்பிறப்பு வருகிறது, நீயும் மாப்பிள்ளையும் சீராக இருக்கவேண்டும். உன் கடிதம் இந்த முறை பத்து நாளில் வந்துவிட்டது. நான் சுகம்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எழுதிக் கொடு. நல்ல சம்பந்தம். நல்ல மனுசன் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு வீட்டுக்காகக் கலியாணம் குழம்பினால் நாளைக்கு என்னைத்தான் சொல்வார்கள், அக்காக்காரி குந்தியிருந்து கெடுத்தாள் என்று. எனக்கு என்ன குறை? வெல்லாவெளியில் மாமி தன் மண்வீட்டில் தனியாகத்தானே இருக்கிறா, பிள்ளையைப் போல வைத்துக்கொள்வா. அங்கே காற்று நல்லது. மீன் மலிவு. கோழி வளர்க்க இடமிருக்கிறது. பட்டினத்துச் சோதனையும் இல்லை. நானே எப்போதோ போயிருக்கவேண்டியது.

குடி வருகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல். கடப்பை இடம் மாற்றவேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஆராவது வந்து அன்னப்பூரணி எங்கே என்று கேட்டால் வெல்லாவெளிக்கு வழி சொல்லிவிடச் சொல்.

வேறு விசேசம் இல்லை. கலியாணத்துக்கு நல்ல பட்டு எடு.

அக்கா


ஸ்வொல்ல
26.04.1992

அக்கா,

சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் நடந்ததைச் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். நான் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன்.

திட்டுவதானால் முழுதும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள். உங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. நீங்களே எழுதிக் கொடு என்ற பிறகு எனக்குச் சொல்ல என்ன இருந்தது? வெள்ளிக்கிழமை காலையில் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகக் காரில் ஏறினேன். தூதரகம் வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு பூட்டு. அவர் அகதியாக வந்தவர், உள்ளே வரமாட்டார். விசாவில் வந்த நான் போய்க் கையெழுத்து வைக்க, அவர் வாசலில் நிற்பதென்று ஒழுங்கு. டென் ஹாக்குக்கு அவர் எப்போதும் ரயிலில்தான் போவார், கார்ப் பாதை பழக்கமில்லை. அதனால் பாதைப் படத்தை விரித்து என் மடியில் போட்டு, “நீ பாத்துச் சொல்லு,” என்றார். மாப்பிள்ளை விட்ட பிழை அதுதான்.

பட்டினம் முடிகிற இடத்தில் பெரிய ரோட்டில் வேலை நடந்தது. மஞ்சள் பலகை வைத்து எங்களைச் சின்ன ரோட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். கார் ஊர்ந்து போன அந்த நேரத்தில் உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். காற்று நல்லது, மீன் மலிவு, கோழி வளர்க்கலாம். அடடா, என்ன சந்தோசம்! பிறகு அந்தக் கடைசி வரிகள். ஆராவது வந்து அன்னப்பூரணி எங்கே என்று கேட்டால்.

ஆர் அக்கா அந்த ஆராவது? உங்களைத் தேடி யார் வரப்போகிறார்கள்? தபால்காரனா, மீன்காரியா? நான் இரண்டு தரம் கேட்டும் அத்தானின் பெயரை எழுதாமல், கடப்பை இடம் மாற்றவேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கண்ணெல்லாம் நெருப்பாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து முதல் சந்தி வந்தது. “எங்கால?” என்றார். டென் ஹாக் இடக்கைப் பக்கம் என்று படத்தில் துலக்கமாகக் கிடந்தது.

“வலக்கைப் பக்கம் கிறுக்குங்க,” என்றேன்.

திருப்பினார். அடுத்த சந்தியிலும் வலக்கை. அதற்கு அடுத்ததிலும் வலக்கை. பெரிய ஆற்றுப் பாலம் ஒன்று வந்தது, காம்பன் என்று பலகை. “பாலம் வருமா?” என்றார். “படத்தில வடிவாக் கிடக்கு,” என்றேன். பொய்யில்லை, கிடந்ததுதான்.

அக்கா, நான் வந்த நாளிலிருந்து மழையும் சாம்பல் நிற வானமும்தான் பார்த்தேன். அன்றைக்கு வெயில். பாலத்துக்கு அங்கால் நிலம் பாயை விரித்துப் போட்ட மாதிரிச் சமன். நம் படுவான்கரை வயல் வட்டைகள்தான் நினைவு வந்தன. ஆனால் இங்கே வாய்க்கால் வயலை விட உயரம், நாங்கள் கீழே போக எங்கள் தலைக்கு மேலால் வள்ளம் போகிறது! ஐம்பது வருசத்துக்கு முன் அவ்விடமெல்லாம் கடலாம். தண்ணியை இறைத்து வெளியே ஊற்றிப்போட்டு உழுகிறார்கள். ஓரிடத்தில் ரோட்டோரம் சனம் கூடி நின்றது. என்னவென்று பார்த்தால், குளிருக்கு அடைத்து வைத்த மாடுகளை அன்றைக்குத்தான் புல்லுக்குத் திறந்து விடுகிறார்கள். பால் மாடுகள் அக்கா, மடி தரையில் முட்டுகிற கிழட்டு மாடுகள், கன்றுகளைப் போல நாலு காலும் தூக்கித் துள்ளுகின்றன. சனம் கை தட்டுகிறது. நான் வந்த பிறகு வாய் விட்டுச் சிரித்தது அன்றுதான். திரும்பிப் பார்த்தால் அவரும் சிரிக்கிறார்.

அதற்கு அங்கால் பூ. சிவப்பு ஒரு வயல், மஞ்சள் ஒரு வயல், ஊதா ஒரு வயல், வரம்பு பிடித்த மாதிரி நேர்கோட்டில். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மெசின் வந்து அந்தப் பூவையெல்லாம் கழுத்தோடு வெட்டிக்கொண்டு போகிறது! வெட்டின பூ குவியல் குவியலாக வாய்க்கால் கரையில். “ஐயோ, ஏன் வெட்டுறானுகள்?” என்று கத்திவிட்டேன்.

“அவனுக்குக் கிழங்குதான் வேணும். பூ நிண்டா கிழங்கு பெருக்காது,” என்றார்.

“நல்ல வேலை. ஒண்டு பெருக்க மத்ததிர கழுத்த வெட்டிறது.”

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். “சீதேவி, இது டென் ஹாக் ரோட்டில்ல.”

“ஓம். இல்ல.”

“வேணுமெண்டுதான் செஞ்சயா?”

“ஓம், வேணுமெண்டுதான்.”

“பன்னெண்டு மணிக்குப் பூட்டிருவானே!”

“பூட்டட்டும். நல்லா இறுக்கிப் பூட்டட்டும்.”

பிறகு நான் நிறுத்தவில்லை அக்கா. அவருக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான், ஆனால் அன்றைக்குச் சொன்ன மாதிரி நான் சொன்னதில்லை. “அந்த வீட்டுக் கடப்படியில வச்சுத்தான் என்ட அத்தானக் கொண்டு போன. அவர் திரும்பி வந்தா அவடத்துக்குத்தான் வருவாரு. அவர் வந்து நிக்கக்குள்ள உங்கட தங்கச்சிர புருசன் வெளிய வந்து, ஆர் நீங்க எண்டு கேக்கிறதா?”

அவர் கார் எஞ்சினை அணைத்தார். பிறகு மெல்லமாக, “அவர் வருவாரெண்டு நீ நம்புறயா?” என்றார்.

“நான் நம்புறனா இல்லையா எண்டது வேற. அக்கா நம்புறா. அவ நம்பும்வரைக்கும் அந்த வீடு அவட.”

“அப்ப என்ட தங்கச்சி?”

“அவக்கு வீடு வேணும், ஓம். அது அண்ணன் உங்கட கடமை. என்ட அக்காட தலையில வைக்காதீங்க. கலியாணம் வேணாமெண்டா இப்பவே சொல்லுங்க, இவடத்திலயே இறங்கி நடந்து போறன்.”

“எங்க போவாய்? வழி தெரியுமா உனக்கு?”

“தெரியா. ஆனா படம் என்ட கையிலதான் இரிக்கி.”

அவர் காரை எடுத்தார். திருப்பிக் கொண்டு போவார் என்று நினைத்தேன், நேராக ஓடினார். ரோடு முடிந்த இடத்தில் கடல். உர்க் என்று மீன்பிடிக்கிற ஊர். தோணிகள், வலை, மீன் நாற்றம், கத்துகிற பறவைகள். எனக்கு அழுகை வந்துவிட்டது, நாற்றத்துக்கு யாரும் அழுவார்களா? பொரித்த மீன் வாங்கி வந்தார். துறைமுகக் கல்லில் இருந்து தின்றோம். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

“காம்பன் பாலத்தில ஏறக்குள்ளயே எனக்குத் தெரியும்,” என்றார். “எத்தனை தரம் காளான் லொறியோட அந்தப் பாலத்தால வந்திரிக்கன்.”

“மறுகா ஏன் ஓடினீங்க?”

கையில் ஒட்டிய எண்ணெயைக் கல்லில் துடைத்தார். பிறகு, “அம்மாக்கு என்னத்த எழுதிற?” என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் என்ன சொல்ல? அவருடைய அம்மா.

அன்று மாலை என்னை இறக்கிவிட்டுப் போனவர் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. கலியாணம் இருக்கிறதோ இல்லையோ தெரியாது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் அந்த வீட்டை விட்டு ஒரு அடி அசையக்கூடாது.

இருமல் திரும்பி வந்ததா? உண்மையை எழுதுங்கள்.

சீதேவி


வெல்லாவெளி
05.05.1992

அன்புத் தங்கச்சிக்கு,

இக்கடிதம் உன்னைச் சுகத்தோடு காணவேண்டும். கையெழுத்து வைத்த செய்தி இன்னும் வரவில்லை, தபால் சுணங்குகிறது போல.

நல்லரத்தினத்தின் தாய் நாள் பார்த்துக்கொண்டு வந்தாள். சித்திரை முடிய முதல் பால் காய்ச்சினால் நல்லதாம், பிறகு நாள் சரியில்லையாம். பத்திரம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, சொந்தக்காரர் ஆகப்போகிறோம்தானே. வீட்டுப் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டேன். இலட்சுமிப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமி சுகம். இங்கே எனக்கு ஒரு பாய் போட இடமிருக்கிறது. ராவில் நித்திரை குறைவு, புது இடம் என்பதால்.

உனக்குத் தபால் எழுதினால் வள்ளத் துறைக்குப் போகிறவர்களிடம்தான் கொடுத்துவிடவேண்டும். அடிக்கடி எழுத முடியாது.

அக்கா


ஸ்வொல்ல
24.05.1992

அக்கா!

யாரைக் கேட்டு இறங்கினீர்கள்? வீடு என்னுடைய பெயரில் இருக்கிறது, என்னையாவது கேட்டீர்களா? சுகம் கேட்கவும் கை வரவில்லை எனக்கு.

நான் கையெழுத்து வைக்கவில்லை. போன கடிதத்தில் அதைத்தான் விரிவாக எழுதினேன், அது நாவற்குடாவுக்குப் போய்க் கிடக்கும். எடுப்பியுங்கள். அந்த வீடு இப்போதும் நம்முடையது. நாள் பார்த்தார்களாம் நாள்! உங்களை வெளியே போட எந்தப் பஞ்சாங்கத்தில் நாள் இருக்கிறது?

நீங்கள் எழுதமாட்டீர்கள், நானே எழுதுகிறேன். வினாயகமூர்த்தி அத்தான். வினாயகமூர்த்தி அத்தான் வந்தால் எங்கே வருவார்? வெல்லாவெளி வீடு எரிந்தது அவருக்குத் தெரியும், உங்களை அங்கே அவர் தேடமாட்டார். நாவற்குடாவுக்குத்தான் வருவார். இதெல்லாம் யோசிக்காமலா திறப்பைக் கொடுத்தீர்கள்? யோசித்துத்தான் கொடுத்தீர்கள், எனக்காக. எனக்கு அப்படி ஒரு கலியாணம் வேண்டாம் அக்கா. அப்படி முடித்தால் அந்த மனுசனோடு ஒரு நாளும் சிரித்து இருக்க ஏலாது.

நல்லரத்தினம் ஒரு மாதமாக வரவில்லை. நேற்று நானே பண்ணைக்குப் போய், உங்களுடைய அம்மா என் அக்காவை வெளியே போட்டுவிட்டா என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். அவருக்குத் தெரியாது. முகம் கறுத்துவிட்டது.

இது தங்கச்சி சொல்கிற கட்டளை. பெட்டியைக் கட்டுங்கள். திரும்பிப் போங்கள்.

சீதேவி


நாவற்குடா
21.06.1992

என் மகள் போன்ற தங்கச்சிக்கு,

மேலே எழுதியிருக்கிற ஊரைப் பார்த்தாயா?

உன் இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் கைக்கு வந்தன, வைகாசி முடிந்து. மாமிக்கு வாசித்துக் காட்டினேன். மாடு துள்ளின இடத்தில் சிரித்தா, அத்தானின் பெயர் வந்த இடத்தில் எழும்பிப் போய் என் உடுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தா. பெற்றவளல்லவா. “என்ட மகன் வந்தா அங்கதான் வருவான், நீ போ புள்ள,” என்றா.

மண்முனைத்துறையில் வள்ளம் ஏறி, சாவடியில் பெட்டியைக் கொட்டிக் காட்டி, பொழுது சாய முதல் வந்து சேர்ந்தேன். குசினிக்குள் நல்லரத்தினத்தின் தாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நேரே போய் என் பாயை நடு அறைக்குள் விரித்தேன்.

“என்ன சம்மந்தி, விருந்துக்கா?” என்றாள்.

“இல்ல, இரிக்க வந்தன்.”

“இது மருமகள் எங்களுக்குத் தந்த வீடு!”

“அவ இன்னும் கையெழுத்து வைக்கல்ல. வைக்கவும் மாட்டாவாம்.”

என்ன சத்தம் போட்டாள் என்று கேட்காதே, ஒழுங்கை முழுக்கத் தலை நீட்டிப் பார்த்தது. துணிவு எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, தங்கச்சி. இவ்வளவு நாளும் முகாம் வாசலில் கை கட்டி நின்று, ஐயா ஐயா என்று கெஞ்சினவள் நான். அன்றைக்கு எழும்பி நின்று சொன்னேன்: “இந்த வீட்டுக்கு ஒரு ஆம்பிள வர இரிக்கி. அவர் கடப்படியில நிண்டு கூப்பிட்டா, ஏனெண்டு கேக்க நான் இஞ்ச நிக்கோணும். என்னப் பிணமாத்தான் தூக்கி வெளிய வைக்கலாம்.”

தாய்க்காரி திறப்பை எறிந்துவிட்டுப் போனாள். இலட்சுமிப்பிள்ளை பின்னால் போனவள், கடப்படியில் நின்று, “அக்கா, நான் கேக்கல்ல, சத்தியமாக் கேக்கல்ல,” என்று அழுதாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. அவளை நினைத்துத்தான் எனக்கு நெஞ்சு நோகிறது.

நீ கேட்டதற்கு இப்போது பதில். ஒவ்வொரு மாதமும் போகிறேன். ஒவ்வொரு மாதமும், அப்படி ஒரு ஆளை நாங்கள் கொண்டுவரவே இல்லை என்கிறார்கள். உனக்கு எழுதாமல் விட்டது அதனால்தான். எழுதினால் அவர் இல்லை என்று நானே என் கையால் எழுதினதாகிவிடும் என்று பயந்தேன். இனிப் பயமில்லை. இருமல் இருக்கிறது. அதுவும் உண்மை.

உன் கலியாணத்தைக் கெடுத்தேனோ என்று யோசிக்கிறேன். யோசித்தாலும் இனி இறங்கமாட்டேன்.

அக்கா
அன்னப்பூரணி


ஸ்வொல்ல
12.07.1992

என் சிங்க அக்காவுக்கு,

கடிதத்தை அருமைநாயகம் அண்ணன் வீட்டில் எல்லாருக்கும் நின்று வாசித்துக் காட்டினேன். மனைவிக்காரி கை தட்டினா. அந்த மாடுகளுக்குத் தட்டின மாதிரியே!

நல்லரத்தினம் தாயின் கடிதத்தோடு வந்தார். “உன்ட அக்கா என்ட அம்மாவ வெளிய போட்டுட்டாவாம்,” என்றார்.

“ஓம். சரியாத்தான் செஞ்சிரிக்கா.”

“ஓம்,” என்றார் அவரும். அவ்வளவுதான். பிறகு கதிரையில் இருந்து தேத்தண்ணி கேட்டார்.

முடிவு இதுதான் அக்கா. தங்கச்சிக்கு வீடு கட்டாமல் தான் முடிப்பதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கை அவர் மீறமாட்டார். மீறினால் எனக்கும் அவரில் மதிப்பிருக்காது. அதனால் ஆனிக் கலியாணம் போய்விட்டது. நானும் அந்தக் காளான் பண்ணையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ரோட்டு வழி சீமெந்து வரத் தொடங்குகிற அன்றைக்கு இலட்சுமிப்பிள்ளைக்குக் கல்லாற்றில் அத்திவாரம் விழும், இரண்டு பேர் உழைப்பில். என் வீட்டைக் கொடுக்கமாட்டேன், வீடு கட்டத் தோள் கொடுப்பேன். அதற்கு எத்தனை வருசம் என்று கேட்டார். எத்தனை வருசமானாலும் என்றேன்.

விசாவைப் பற்றி வக்கீல் ஒருவரைப் பார்க்கிறோம். நீங்கள் அதற்குக் கவலைப்படவேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் எடுக்கிறோம். எங்கே போவதென்று முதலில் முடிவு செய்வதில்லை. படம் இன்னும் என் மடியில்தான்.

இருமலுக்கு டொக்டரிடம் போங்கள். இல்லாவிட்டால் அங்கே வந்து நிற்பேன்.

சீதேவி


நாவற்குடா
16.08.1992

அன்பான சீதேவிக்கும் மருமகன் நல்லரத்தினத்துக்கும்,

அம்மன் கிருபை உங்களுக்கு. டொக்டர் மருந்து தந்திருக்கிறார், இருமல் குறைகிறது.

இலட்சுமிப்பிள்ளை இப்போது என்னோடுதான். கல்லாற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போக ஒவ்வொரு சாவடியிலும் இறக்கி ஏற்றுகிறார்கள், பொம்பிளைப் பிள்ளை என்னத்துக்கு அந்தப் பாடு? நான்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். தாய்க்காரி முதலில் குதித்தாள், பிறகு ஒரு மூடை நெல்லும் கருவாடும் கொடுத்துவிட்டாள். பிள்ளை நன்றாகச் சமைக்கிறாள், உன்னை விட.

செவ்வாய்க்கிழமை காலை ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். இந்த முறை வீட்டுக்கு வீடு ஆள் கணக்கு. துவக்கோடு நாலு பேர், கூட அவர்களுடைய பெரியவன் ஒருவன், கொஞ்சம் தமிழ் தெரிந்தவன். எங்கள் இரண்டு பேரையும் கடப்படிக்குக் கூப்பிட்டார்கள். இந்தக் கடிதத்தை வழியில் உடைத்து வாசிக்கிறவர் இதையும் வடிவாக வாசிக்கட்டும்.

“வீட்டில எத்தின பேர்?” என்றான்.

“மூணு பேர்,” என்றேன்.

இலட்சுமிப்பிள்ளை என் கையைப் பிடித்தாள். பெரியவன் எங்களைப் பார்த்தான், வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். இரண்டு பேர் உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து தலையை ஆட்டினார்கள்.

“ரெண்டு பேர்தானே நிக்கிற? மத்த ஆள் ஆர்?”

“என்ட புருசன். வினாயகமூர்த்தி.”

“எங்க அவர்?”

“இந்தா, இவடத்தில வச்சு நீங்கதான் ஏத்திக்கொண்டு போனீங்க. எங்க எண்டு நீங்கதான் எனக்குச் சொல்லோணும்.”

நான் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன்தான் முதலில் குனிந்தான். ஏதோ எழுதினான்.

“எத்தின எண்டு எழுதினீங்க?” என்று கேட்டேன்.

போகத் திரும்பினவன் நின்றான்.

“மூணு,” என்றான்.

இப்படிக்கு,
திருமதி அன்னப்பூரணி வினாயகமூர்த்தி